மடக்குக் கத்தியின் பிடி எங்கிருந்து வந்தது?

பழைய மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்ப்பவர்களிடம் ஒரு கத்தியைக் கொடுத்தால், பெரும்பாலோர் முதலில் அலகை விரித்து அதன் அடிப்பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். செய்தவரின் முத்திரை அங்கேதான் இருக்கும். முத்திரை தெரிந்தால் நிறுவனம் தெரியும். நிறுவனம் தெரிந்தால் ஊரும் காலமும் தெரியும். அவை தெரிந்தால் விலை தெரியும் என்பது கணக்கு. ஏலப் பட்டியல்களும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் எழுதப்படுகின்றன: செய்தவர் பெயர், கத்தியின் வடிவம், அலகுகளின் எண்ணிக்கை, எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘எலும்புப் பிடி’ என்றோ ‘தந்தப் பிடி’ என்றோ ஒரு சொல். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று வாதிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். மடக்குக் கத்திகளை ஒப்பிட்டு ஆராய்பவர் முதலில் படிக்க வேண்டியது பிடியை. எந்தப் பொருள் எங்கே கிடைத்தது, எப்போது அருகியது, அருகியபோது எதை வைத்து அதைப் போலச் செய்தார்கள் என்ற நீண்ட கதை பிடியில்தான் பதிந்திருக்கிறது. முத்திரை பெயரைச் சொல்கிறது. பிடி, அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த காட்டையும் கடலையும் மாட்டுத் தொழுவத்தையும் வேதியியல் ஆலையையும் சொல்கிறது.

முத்திரைக்கு உரிய மதிப்பைக் குறைக்க முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் 14ஆம் நூற்றாண்டிலேயே கத்திக்குப் பெயர்பெற்றது. சாசரின் கேன்டர்பரி கதைகளில் வரும் ஓர் ஆலைக்காரன் ஷெஃபீல்டுக் கத்தியைத்தான் காலுறையில் செருகியிருக்கிறான். 1624இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் அங்கே கத்தி செய்வோர் சங்கம் நிறுவப்பட்டது. முத்திரைகளைப் பதிவு செய்து காப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் விண்மீனும் மால்டாச் சிலுவையும் 1682இல் பதிவானவை. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதனால் ‘இங்கிலாந்து’ என்ற சொல் அலகில் இருக்கிறதா இல்லையா என்பதே காலம் கணிக்க உதவுகிறது. இவையெல்லாம் பயனுள்ள சான்றுகள். ஆனால் முத்திரை விற்கக்கூடிய பொருள். ராட்ஜர்ஸின் புகழ் உச்சத்தில் இருந்தபோதே அந்தப் பெயரைப் போல ஒலிக்கும் போலி முத்திரைகள் சந்தையில் உலவின. ராட்ஜர்ஸும் அதன் பரம்பரைப் போட்டியாளரான வோஸ்டன்ஹோமும் 1971இல் ஒன்றாயின. அதன் பிறகு இரு பெயர்களும் பல கை மாறின. நியூயார்க் மாநிலத்தில் நூறாண்டு இயங்கிய ஷ்ரேடு நிறுவனத்தின் எல்லன்வில் ஆலை 2004இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் விற்கப்பட்டு, சீனாவில் செய்த கத்திகளில் ஏறியது. பிரான்சின் லாகியோல் கிராமத்தின் கதை இதைவிட வேதனையானது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே உருவான கத்தி வடிவம் உலகெங்கும் பரவியது. பிற்காலத்தில் அதில் பெரும் பகுதி தியேர் நகரில் செய்யப்பட்டது. இன்று ஆசிய ஆலைகளிலிருந்தும் அதே பெயரில் வருகிறது. 1993இல் ஒரு தனியார் வணிகர் அந்தப் பெயரைப் பலவகைப் பொருள்களுக்குத் தம் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டார். நீதிமன்றத்தில் தோற்ற கிராமத்தார், 2012இல் ஊர் எல்லையில் இருந்த பெயர்ப்பலகையைத் தாங்களே கழற்றித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். ஓர் ஊரின் பெயரையே ஊரிடமிருந்து பிரிக்க முடியும் என்றால், அலகின் அடியில் அடித்த சொல்லை எவ்வளவு தூரம் நம்புவது?

அலகின் உலோகம் முத்திரையைவிட நேர்மையானதுதான். ஆனால் அது பேசுவது குறைவு. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியதற்கு முன், பின் என்ற ஒரு பெரிய கோட்டை அலகைப் பார்த்தே போட்டுவிடலாம். அதற்கு மேல் வெறுங்கண்ணுக்கு எஃகு தன் பிறப்பைக் காட்டுவதில்லை. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரை ஒன்று, இந்தியாவிலிருந்து வந்திருந்த உட்ஸ் என்ற உருக்கைப் பற்றியது. அதில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற இலண்டன் கத்திக் கலைஞர் அந்த உருக்கிலிருந்து ஒரு பேனாக்கத்தியை அடித்துப் பார்த்த செய்தி வருகிறது. கொடுமணல் போன்ற இடங்களின் தொல்லியல் சான்றுகளால் உருக்குத் தொழிலின் பழமையை அறிந்த நமக்கு அது மனத்தைத் தொடும் செய்தி. ஆனால் அந்தக் கத்தி இன்று நம் கையில் கிடைத்தாலும், ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் அது எந்த நாட்டு உருக்கு என்று சொல்ல முடியாது. உருக்கி, அடித்து, நீரில் தோய்த்து, சாணை பிடிக்கும்போது உலோகத்தின் ஊர் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. பிடிக்கு அப்படி நேர்வதில்லை. கொம்பைக் கொம்பாகவும் சிப்பியைச் சிப்பியாகவும் வைத்திருந்தால்தான் அதற்கு விலை. பொருளின் பிறப்பிடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அது வாங்கப்பட்டது.

இதற்கு வணிகர்களின் பழைய விலைப்பட்டியல்களே சாட்சி. ஒரே அலகு, ஒரே முதுகுவில், ஒரே பித்தளை உட்தகடு. ஆனால் கருங்காலிப் பிடிக்கு ஒரு விலை, எலும்புக்கு ஒரு விலை, மான் கொம்புக்கு ஒரு விலை, சிப்பிக்கு எல்லாவற்றையும்விடக் கூடிய விலை. அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் இதை எண்களாகவே எழுதி வைத்தது. அதன் கத்திகளில் அடிக்கப்படும் மாதிரி எண்ணின் முதல் இலக்கம் பிடிக்கு உரியது. இரண்டாவது இலக்கம்தான் அலகுகளின் எண்ணிக்கை. மீதி வடிவத்தைக் குறிக்கும். 6254 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, 54ஆம் வடிவம். 5 என்று தொடங்கினால் மான் கொம்பு, 8 என்றால் முத்துச்சிப்பி, 9 என்றால் சிப்பியைப் போன்ற போலி, 3 என்றால் மஞ்சள் நெகிழி. கத்தி செய்தவர்கள் தங்கள் சரக்கை முதலில் பிடியை வைத்துப் பிரித்தார்கள், பிறகுதான் மற்றவற்றை வைத்து. அதைச் சேகரிப்பவர்கள் இந்த ஒழுங்கை ஏன் கவிழ்த்தார்கள் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பிடிப் பொருள்களில் மிகவும் நெடிய கதை உடையது கடமான் கொம்பு. குமரி மாவட்டத்தார் மிளா என்றும் இலங்கைத் தமிழர் மரை என்றும் சொல்லும் அதே விலங்கு. முதுமலையிலும் ஆனைமலையிலும் இலங்கையின் ஹோர்டன் சமவெளியிலும் இன்றும் மேய்வது. தமிழில் மானுக்கும் மாட்டுக்கும் ‘கொம்பு’ என்ற ஒரே சொல்தான். ஆனால் பிடி செய்பவருக்கு அவை வேறு வேறு பொருள்கள். மாட்டின் கொம்பு நம் நகத்தைப் போன்ற கெரட்டின், உள்ளே இருக்கும் எலும்புக் குருத்தின் மேல் உறையாக வளர்வது, உதிராதது, சூடாக்கினால் வளையும். மானின் கொம்போ முழுக்க எலும்பு. வளர்ந்து, முற்றி, உதிர்ந்து, மீண்டும் முளைப்பது. அதனால் விலங்கைக் கொல்லாமலே காட்டுத் தரையிலிருந்து பொறுக்க முடிந்தது. எல்லா மான் கொம்பும் கத்திக்கு ஆகாது. ஐரோப்பியச் செம்மானின் கொம்பில் நடுவே கடற்பஞ்சு போன்ற பகுதி அகலம். தகடாக அறுத்தால் துளைகள் வெளியே தெரியும். கடமான் கொம்பின் வெளிச்சுவர் தடித்து இறுகியது. அறுத்து, அடிப்பக்கத்தைத் தட்டையாக்கி, மேல்பட்டையின் வரப்புகளை அப்படியே விட்டு ஆணியடிக்கலாம். ஈரக் கையிலும் வழுக்காது. அழகுக்கு முன்னால் பயன் இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஷெஃபீல்டின் 19ஆம் நூற்றாண்டுக் கத்தித் தொழில் இந்தக் கொம்பை இந்தியாவிலிருந்து பெருமளவில் தருவித்தது. ஆங்கில வேட்டைக்காரனின் பையில் இருந்த ‘உண்மையான ஷெஃபீல்டு’ கத்தியின் பாதி, அதாவது அவன் கை தொட்ட பாதி, இந்தியக் காட்டிலிருந்து போனது. 1990களின் இறுதியில் இந்திய அரசு கொம்பு ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்குப் பின் வந்த மான் கொம்புப் பிடிகளை அதற்கு முந்தையவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பட்டை மெலிவதும், நிறம் வெளுப்பதும், பஞ்சுப் பகுதி எட்டிப் பார்ப்பதும் தெரியும். டெல்லியில் எடுத்த ஒரு முடிவை எந்த முத்திரையும் பதிவு செய்யவில்லை. பிடிகள் பதிவு செய்திருக்கின்றன.

கொம்பு வேண்டியவர்கள் எல்லோருக்கும் கொம்பு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை கட்டவில்லை. அதனால் மாட்டின் கால் எலும்பு வந்தது. வேகவைத்து, கொழுப்பு நீக்கி, பட்டையாக அறுத்த எலும்பு வெண்மையானது, வழவழப்பானது, கைக்கு நழுவுவது. அம்மி கொத்துவதைப் போல அதன் மேல் சிறு பள்ளங்களைக் கொத்தி, தவிட்டு நிறச் சாயம் ஏற்றினால், ஓரளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது மான் கொம்பின் வரப்பும் நிழலும் தோன்றும்; பிடிமானமும் கிடைக்கும். இதைக் கொத்திய எலும்பு என்று சொல்லலாம். அமெரிக்காவில் இந்தக் கொத்து வேலை தனித் தொழிலாகவே வளர்ந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் ராஜர்ஸ் நிறுவனம் கொத்திய எலும்பு, நியூஜெர்சியின் வின்டர்பாட்டம் நிறுவனம் கொத்திய எலும்பு என்று, பள்ளத்தின் வடிவத்தை வைத்தே இன்று பிரித்துச் சொல்ல முடியும். ஒன்றில் ஒழுங்கற்ற சிறு குழிகள், மற்றதில் நெடுக ஓடும் கீற்றுகள். இந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று போட்டியிட்ட பல கத்தி நிறுவனங்களுக்கும் போயின. முத்திரையை வைத்து அடுக்கினால் இந்தக் கத்திகள் அலமாரியின் வெவ்வேறு தட்டுகளுக்குச் சிதறிவிடும். ஒரே பட்டறையில் ஒரே பொறியின் கீழ் கிடந்த எலும்புகள் மீண்டும் சந்திக்கவே மாட்டா. பிடியை வைத்து அடுக்கினால் ஒரு முழுத் தொழிலின் உருவம் திரும்பி எழுகிறது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த எலும்பும் எங்கிருந்தோ வந்ததுதான். இன்று கேஸ் நிறுவனம் தன் எலும்பு பிரேசில் நாட்டுத் திமில் மாடுகளின் கால் எலும்பு என்று சொல்கிறது. பிரேசிலின் திமில் மாடுகளில் மிகப் பெரும்பான்மை நெலோர் இனம். அந்தப் பெயர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூரின் பெயர். ஓங்கோல் காளைகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து கப்பலேறிப் போய் அங்கே பெருகிய வம்சம் அது. இந்தியக் காட்டு மானின் கொம்பைப் போலச் செய்ய, பென்சில்வேனியாவில், இந்திய மாட்டின் பிரேசில் வாரிசுகளின் எலும்பைக் கொத்துகிறார்கள் என்றால், ‘அமெரிக்க மரபுக் கத்தி’ என்ற சொல்லைச் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கதை அங்கேயும் முடியவில்லை. டுபான்ட் நிறுவனம் 1960இல் டெல்ரின் என்ற கடின நெகிழியை வணிகத்துக்குக் கொண்டுவந்தது. எலும்பு கிடைப்பது கடினமான, கூலி ஏறிய ஆண்டுகளில் கத்தி நிறுவனங்கள் அதற்கு மாறின. கேஸ் கத்திகள் சிலவற்றில் டெல்ரின் பிடி வந்த பிறகும் எலும்புக்கு உரிய 6 என்ற எண்ணே நீடித்தது. டெல்ரின் பிடி எதைப் போலச் செய்யப்பட்டது? மான் கொம்பைப் போலன்று. பெரும்பாலும் கொத்திய எலும்பைப் போல. நகலின் நகல். இரண்டு மூன்று தலைமுறைகளாக எலும்பையே பார்த்துப் பழகிய கைகளுக்கு, எலும்புதான் மூலமாகிவிட்டது, கடமான் மறந்துபோனது. ஒரே வடிவத்தில் இரண்டு கத்திகளை எடுத்து, பிடியில் உள்ள பள்ளங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்: அச்சில் வார்த்த டெல்ரினில் ஒரே குழி ஒரே இடத்தில் இருக்கும், கொத்திய எலும்பில் இருக்காது.

தந்தத்தின் வரிசை வேறு வழியில் போகிறது, முடிவும் கொடியது. ஷெஃபீல்டில் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் தந்தக் கிடங்கு, ஊருக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகும் காட்சியாக இருந்த காலம் ஒன்று உண்டு. யானைகள் குறைவதையும் தந்தத்தின் விலை ஏறுவதையும் முதலில் உணர்ந்தவர்களில் பில்லியர்டு பந்து செய்வோரும் அடங்குவர். மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அமெரிக்காவில் 1860களில் வந்த அறிவிப்பே ஜான் வெஸ்லி ஹையட்டைத் தூண்டியது. 1870வாக்கில் அவர் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டு, நைட்ரோ செல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்தது. பந்துக்கு அது அவ்வளவாக ஒத்துவரவில்லை. சீப்புக்கும் பொம்மைக்கும் கத்திப் பிடிக்கும் நன்றாகவே பொருந்தியது. தந்தம், ஆமையோடு, முத்துச்சிப்பி, மான் கொம்பு என எதைப் போலவும் அதை வார்க்கலாம். இயற்கையில் இல்லாத நிறங்களிலும் வார்க்கலாம். பழைய செல்லுலாய்டுப் பிடியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் இன்றும் மெல்லிய சூடத்தின் வாசனை வரும். அந்த வாசனை இன்னொரு காட்டின் வாசனை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் கற்பூரத்தில் பெரும்பங்கு தைவானின் கற்பூர மரங்களிலிருந்து வந்தது. 1899இலிருந்து அது ஜப்பானிய ஆட்சியின் ஏகபோகம். யானையின் மீது இருந்த பாரத்தை மனிதர்கள் இறக்கி வைத்தபோது, அதில் ஒரு பகுதி அந்த மரங்களின் மீது விழுந்தது. மாற்றுப் பொருள் என்றால் தட்டுப்பாடு தீர்ந்தது என்று எடுத்துக்கொள்வது பிழை. பல வேளைகளில் தட்டுப்பாடு இடம் மாறுகிறது, அவ்வளவே.

செல்லுலாய்டுக்கு உள்ளேயே ஒரு நோய் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் நைட்ரேட் பகுதி பிரிந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவாகக் கசிகிறது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிறது. அந்த அமிலம் மேலும் சிதைவைத் தூண்டுகிறது. பிடி சுருங்கி, விரிசல் விட்டு, பொடியாகும். அதற்கு முன்பே கத்தியின் அலகு, பிடியின் நீளத்துக்கு நேராகத் துருவேறி அரிக்கப்பட்டிருக்கும். மூடிக் கிடந்த அலகு, பிடி விட்ட மூச்சை வாங்கியிருக்கிறது. பேசாப்படக் காலத்துத் திரைப்படச் சுருள்களின் அடிப்பொருளும் இதே நைட்ரோ செல்லுலோஸ்தான். தென்னிந்தியாவின் பேசாப்படங்களில் மிகச் சிலவே எஞ்சியிருப்பதற்கு அந்தப் பொருளின் இயல்பும் ஒரு காரணம். சுருளில் அழிந்தது படம். கத்தியில் அழிவது அலகு. பிடியை அலங்காரம் என்று ஒதுக்கி, வெட்டுவது அலகுதானே என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: அலகு எத்தனை காலம் வெட்டும் என்பதைப் பல கத்திகளில் பிடிதான் முடிவு செய்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லா மரபுக் கத்திகளுக்கும் இந்தத் தட்டுப்பாட்டுக் கதை பொருந்துமா? பொருந்தாது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தியின் பிடி அவ்வட்டாரத்தில் தாராளமாகக் கிடைத்த மரம்; இன்றும் வழக்கமான ஒப்பினெலின் பிடி மரம்தான், பீச் மரம். 1955இல் அலகைப் பூட்டும் சுழல் வளையம் ஒன்று சேர்ந்தது என்பது தவிர அதன் தோற்றம் ஏறத்தாழ மாறவில்லை. மழையில் நனைந்தால் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். பிடியின் நுனியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலை நீட்டும். சவோய்க்காரர்களின் இந்தத் தட்டுக்கு ஒரு பெயரே உண்டு. ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமி இன்னும் எளிது: ஒரு பித்தளைத் தகட்டையோ இரும்புத் தகட்டையோ இரண்டாக மடித்தால் அதுதான் பிடி, மேலே ஒட்ட எதுவுமில்லை. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி அது. ஆனால் இந்த விதிவிலக்குகள் வாதத்தைக் குலைப்பதைவிடக் கூர்மையாக்குகின்றன. பொருள் வாசலிலேயே கிடைத்த இடத்தில் போலி பிறக்கவில்லை. பீச் மரத்தைப் போன்ற நெகிழி வேண்டும் என்ற ஏக்கம் யாருக்கும் வரவில்லை. எங்கே பிடி தொலைவிலிருந்து வந்ததோ அங்கேதான் நகலும் நகலின் நகலும் தோன்றின. ஆகவே நூறாண்டு மாறாத பிடியும் ஒரு சான்றே. தன் ஊரை விட்டு வெளியே கை நீட்டத் தேவையில்லாமல் ஒரு தொழில் நடந்தது என்பதற்கு அது சான்று. சுவிட்சர்லாந்துப் படைவீரர் கத்தியோ வேறொரு தேவையைக் காட்டுகிறது. 1891இல் வந்தபோது கருமையேற்றிய மரப்பிடி; பிறகு அழுத்திய நார்ப்பொருள்; 1961இல் அலுமினியம். இங்கே பொருளை மாற்றியது தட்டுப்பாடு அன்று, படையின் உழைப்புக்கு மரம் ஈடுகொடுக்கவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு இணையான பொருள் உண்டா என்று கேட்டால், உண்டு. தமிழில் ‘பேனாக்கத்தி’ என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சிறு கத்தி அது. ஏடு எழுதியவர்களிடம் அதே வேலைக்கு, ஆனால் தன் போக்கில், மடக்கெழுத்தாணி இருந்தது. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று மூன்று வகையைச் சொல்வார்கள். மடக்கெழுத்தாணியின் ஒரு பக்கம் எழுதும் ஆணி, மறு பக்கம் ஓலையை வாருவதற்குக் கத்தி. இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். அதன் பிடி மரத்தாலோ மாட்டுக் கொம்பாலோ தந்தத்தாலோ அமைந்தது என்பதை உ.வே.சாமிநாதையரின் விளக்கத்திலிருந்து அறிகிறோம். இறகும் ஓலையும் என்ற இரு வேறு எழுத்து மரபுகள், ஒன்றையொன்று பார்க்காமலே, மடக்கும் சிறு கத்தியைத் தேவையாக்கியிருக்கின்றன. இரண்டிலும் மரம், கொம்பு, தந்தம் என்ற ஏணி இருந்திருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், ஷெஃபீல்டுக்குக் கடல் கடந்து போக வேண்டியிருந்த மூன்றும் இங்கே ஓலை இருந்த நிலத்திலேயே கிடைத்தன. எழுத்தாணிகளைச் சேகரித்து வைத்திருக்கும் இடங்களில் அவற்றின் பிடிப் பொருளை வரிசைப்படுத்தி ஒப்பிடும் வேலை நடந்தால், ஏடு எழுதிய சமூகத்தைப் பற்றி எழுத்தின் உள்ளடக்கம் சொல்லாத சிலவற்றை அறியலாம் என்று நம்புகிறேன்.

இன்னொரு மறுப்பு தொழில்நுட்பமானது: பிடியை மாற்ற முடியும். அலகை மாற்றுவதைவிடப் பிடியை மாற்றுவது எளிது. புது எலும்பைத் தேநீரிலோ பெர்மாங்கனேட்டிலோ ஊறவைத்துப் பழமை ஏற்றுவதும் எளிது. அப்படியிருக்க, பிடியை முதல் சான்றாகக் கொள்வது மணலில் கடைக்கால் போடுவது ஆகாதா? ஆகாது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, பிடி தனியாகத் தேய்வதில்லை. பத்தாண்டு, இருபதாண்டு பையில் உரசிய கத்தியில் பிடியும் அதன் முனையில் உள்ள உலோகப் பூணும் ஒரே சரிவாகத் தேய்ந்திருக்கும். பூண் மெலிந்து பிடி மட்டும் கொழுத்திருந்தால் அது பின்னால் வந்த பிடி. பழைய எலும்பு ஆண்டுக்கணக்கில் மிகச் சிறிதாகச் சுருங்கும்; பூணின் விளிம்பில் நகம் தட்டுப்படும் இடைவெளியும், ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசலும் அதன் தடயங்கள். உண்மையான எலும்பில் உருப்பெருக்கியில் குருதிக்குழாய்ப் புழைகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். தந்தத்தைப் போன்ற செல்லுலாய்டில் கோடுகள் இணையாக, மிகையான ஒழுங்கோடு ஓடும். பிடியில் செய்யும் போலியைக் கண்டுபிடிக்கக் கண்ணும் விரலும் உருப்பெருக்கியும் போதும். எஃகில் செய்யும் போலிக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. நேர்மையாக மாற்றப்பட்ட பிடி ஒரு குறை அன்று. யாரோ ஒருவர், எப்போதோ, இந்த அலகு இன்னும் வெட்டும் என்று நினைத்துக் கையில் கிடைத்த மரத்தை வைத்து ஆணியடித்திருக்கிறார். சந்தை அதன் விலையைப் பாதியாக்கலாம். ஆய்வுக்கு அது கூடுதலான ஒரு பக்கம்.

மிகவும் கனமான மறுப்பு அறம் சார்ந்தது. பிடியை முன்னிறுத்தினால் தந்தத்தையும் ஆமையோட்டையும் தேடுவோர் பெருகமாட்டார்களா? இந்த அச்சத்தை நான் முழுமையாக மதிக்கிறேன். இந்தியாவில் இந்திய யானைத் தந்த வணிகம் 1986ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தாலும், இறக்குமதித் தந்தத்தின் வணிகம் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் நின்றது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிவிலக்குகளில் ஒன்று, 1947க்கு முன் செய்யப்பட்டு, தந்தம் மொத்தக் கன அளவில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள பொருளுக்கு உரியது. இருபுறமும் தந்தம் பதித்த சிறு பேனாக்கத்தி அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். ஷெஃபீல்டில் செய்த கத்தியை ஷெஃபீல்டிலேயே விற்க முடியுமா என்பதை இன்று தீர்மானிப்பது அதன் முத்திரை அன்று, அதன் பிடி. இந்தச் சட்டங்கள் சரியானவை. அவற்றைச் சுற்றிப் போக வழி தேடும் சேகரிப்பாளரோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. பிடியைப் படிப்பதற்குத் தந்தம் வாங்க வேண்டியதும் இல்லை. அருங்காட்சியகங்களில் இருப்பவை போதும். 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்காட்சிக்காக ராட்ஜர்ஸ் செய்த, 75 அலகுகளும் முத்துச்சிப்பிப் பிடியும் கொண்ட நார்ஃபோக் கத்தி இன்று ஷெஃபீல்டுச் சங்கத்தின் மண்டபத்தில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம், யாரும் வாங்க வேண்டாம். தட்டுப்பாட்டின் வரலாற்றை ஆராய்பவருக்கு, அரிய பொருளைவிட அதன் மலிவான போலியே அதிகம் சொல்கிறது. கொத்திய எலும்பும் மஞ்சள் செல்லுலாய்டும் டெல்ரினும் எளிய விலையில் கிடைப்பவை. எந்த விலங்கு குறைந்தது, அதை எவ்வளவு பேர் விரும்பினார்கள் என்பது அந்தப் போலிகளில்தான் பதிந்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் முத்திரை வரிசையே போதும் என்பவர்கள், தங்கள் கத்திகளை வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். எலும்புக்கும் தந்தத்துக்கும் வறண்ட காற்று ஆகாது. ஆணிக்குப் பக்கத்தில் வெடிக்கும். மாட்டுக் கொம்பைப் பூச்சி அரிக்கும். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். மரம் ஈரத்தில் ஊதும். செல்லுலாய்டை எதனோடும் சேர்த்து மூடி வைக்கவே கூடாது. ஒரே நிறுவனத்தின் கத்திகள் என்பதற்காக, சிப்பியைப் போல மின்னும் ஒரு செல்லுலாய்டுப் பிடியை எலும்புப் பிடிகளுக்கு நடுவே வைத்து மூடினால், சில ஆண்டுகளில் அதன் இரு பக்கத்துக் கத்திகளின் அலகுகளிலும் பச்சையும் செம்மையுமாகக் கறை ஏறியிருக்கும். அதைக் கண்ட பிறகு செல்லுலாய்டைத் தனியே, காற்றோட்டமான பெட்டிக்கு மாற்றுகிறார்கள். பிறகு கொம்பைத் தனியே. பிறகு எலும்பையும் தந்தத்தையும் ஒன்றாக. முத்திரைகள் கலைந்து, பெட்டி பிடியின்படி அடுக்கப்பட்டுவிடுகிறது.